சுவருக்குச் சொன்ன வார்த்தைகள்

மருந்தக்காவுக்கு வீடு கட்டத் தெரியாது. தெரியாது என்பதை அவள் யாரிடமும் மறைத்ததும் இல்லை. செங்கல்லை எடுத்துக் கொடுப்பாள், மணல் சலிப்பாள். காலில் ஆணி ஏறியவனை உட்கார வைத்து, அவன் போடும் கூச்சலைக் காதில் வாங்காமல் ஆணியைப் பிடுங்கிக் கட்டுப் போட்டு அனுப்புவாள். சபையார் நடத்தும் வீடு கட்டும் குழுவில் அவளுடைய பதவி அவ்வளவுதான். ஆனாலும் அவளைக் கேட்காமல் அந்தக் குடியிருப்பில் யாரும் அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டுவதில்லை.

குழுவில் அவள் சேர்ந்த கதை சுவாரசியமானது. சேர வந்தவள் இல்லை, சண்டை போட வந்தவள். சபையார் முதல்முதலாகக் கட்டிய வீடு, முட்டி தேய்ந்துபோன ஒரு காய்கறிக்காரிக்கு. வாசலில் உயர உயரமாக மூன்று படி. திறப்பு விழாவன்று எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது மருந்தக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு படியைப் பார்த்தாள்.

"யாருக்குங்க கட்டியிருக்கீங்க? ஒட்டகச்சிவிங்கிக்கா?"

போதகர் கோபக்காரர் இல்லை. அன்றே படியை இடித்துச் சரிவாக்கச் சொன்னார். சொல்லிவிட்டு, "அடுத்த வீட்டுக்கு மொதல்லயே வந்து சொல்லிடுங்கம்மா, இடிக்கிற செலவாவது மிஞ்சும்" என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு வீடும் விட்டதில்லை.

அதற்கு முன்பு அவளுக்கு வேலை, குடியிருப்பை ஒட்டி ஓடும் நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம். சின்ன வயதில் ஒரு தரும ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் படிப்பு படித்தாள். கழுவ, துடைக்க, புரட்ட, ஊட்ட, செத்தால் தாடையைக் கட்ட. பிறகு வருடக்கணக்காகக் காலையில் எல்லைக் கதவைத் தாண்டிப் போய், வசதியான வீடுகளின் வயசாளிகளைப் பார்த்துக்கொண்டு, சாயங்காலம் திரும்பி வந்தாள். புருஷன் லாரி டிரைவர். ஒருநாள் அந்தப் பக்கம் போனவர் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். யாராவது அதைப் பற்றி நைசாகக் கேட்டால், "லாரி நல்லா ஓடுதாம்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். மகன் எலெக்ட்ரீஷியன், அவனும் அந்தப் பக்கம்தான். வாரம் ஒருமுறை போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்பான். சாப்பிட்டேன் என்பாள். இரண்டு பேருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை.

எல்லைக் கதவு திறப்பதற்காக லாரிகள் வரிசையில் காத்துக் கிடக்கும் சாலை. அதற்குப் பின்னால்தான் குடியிருப்பு. வேலிக் கம்பியிலேயே துணி காயப் போடுவார்கள். காவல்காரர்கள் முதலில் அதட்டினார்கள். பிறகு அவர்களும் தங்கள் சட்டைகளை அங்கேயே காயவைக்கத் தொடங்கினார்கள். ஆண்களில் பாதிப் பேர் மூட்டை ஏற்றி இறக்குகிறவர்கள். அவர்களில் ஒருவன் லாரி உச்சியிலிருந்து மூட்டையோடு விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வாய் மட்டும் பழைய வேகத்தில் ஓடியது. ஊரில் எல்லோருக்கும் அவன் இன்னும் லோடுமேன்தான்.

அவன் மனைவி லாரி வரிசையில் டீ விற்பவள். அவள் கெட்டிலோடு கிளம்பும் நேரத்தில் மருந்தக்கா வந்துவிடுவாள். லோடுமேனைப் புரட்டிப் போட்டு, முதுகைத் துடைத்து, இடுப்புப் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவாள். கூலி எதுவும் இல்லை, ஒரு டீ மட்டும். அந்த டீ சுமாராக இருந்தால் அதையும் சொல்லிவிடுவாள்.

பிரச்சினை புண் இல்லை. குடிசை. பலகையும் மண்ணும் சேர்ந்த சுவர் மழைக்காலத்தில் வேர்த்து ஊற்றும். மெத்தை, போர்வை எல்லாம் ஈரம். போன மழையில் லோடுமேனுக்கு நெஞ்சில் சளி கட்டி, ஒரு லாரியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் மருந்தக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு மழைக்காலம் இந்த ஈரத்தில் படுத்தால் நெஞ்சு தாங்காது என்றார். அவள் அதை அப்படியே டீக்காரியிடம் சொன்னாள், லோடுமேனிடம் சொன்னாள், போதகரிடமும் சொன்னாள். யாரிடமும் பூசி மெழுகவில்லை. போதகர் அந்த வருடத்து வீட்டை லோடுமேனுக்கு என்று முடிவு செய்தது அப்படித்தான்.

குடிசையை ஒட்டிக் காலியாகக் கிடந்த இடத்தில் வேலை தொடங்கியது. தொண்டர்கள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வங்கியில் வேலை பார்க்கிறவர், பள்ளிக்கூட டீச்சர்கள், பெயிண்ட் கடைக்காரரின் மனைவி என்று பலதரப்பட்டவர்கள். மேஸ்திரி மட்டும் கூலிக்கு வந்தவர், சபைக்காரர் இல்லை. காலை ஜெபத்துக்கு அழைத்தால், "கடவுள் வேலைல நான் தலையிடறதில்லை, என் வேலைல அவரும் தலையிட வேணாம்" என்று சொல்லிக் கலவை போடப் போய்விடுவார். மருந்தக்கா ஜெபத்தில் நிற்பாள், கண்ணை மூடுவாள். போதகர் கொஞ்சம் நீட்டினால் நின்றபடியே ஒரு குட்டித் தூக்கம் போடுவாள். ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்துப் பழகிய தூக்கம் அது.

சுவர் எழும்பியது, மேலே தகரம் ஏறியது. கட்டில் போட வேண்டிய இடத்தை மருந்தக்கா காலால் தேய்த்துக் காட்டினாள். ஜன்னல் காற்று முகத்தில் நேராக அடிக்காமல், இரண்டு பக்கமும் ஆள் நின்று புரட்ட வசதியாக, மேற்குச் சுவரின் நடுவில்.

குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பூச்சு வேலைக்கு முந்தின மாலை தொண்டர்கள் எல்லோரும் உள்சுவரில் ஆளுக்கொரு ஆசி எழுதுவார்கள். மறுநாள் பூச்சு அதை மூடிவிடும். யார் கண்ணுக்கும் தெரியாமல் நல்ல வார்த்தைகள் சுவருக்குள்ளே இருக்கும் என்பதில் அவர்களுக்கு ஒரு நிறைவு. வழக்கமாக எழுதுவது சாக்பீஸால். ஆனால் போன வீட்டில் பூசுவதற்கு முன் மேஸ்திரி சுவரை நனைத்தபோது, தான் எழுதியது பால் மாதிரிக் கரைந்து தரையில் ஓடியதைப் பெயிண்ட் கடையம்மா பார்த்துவிட்டாள். அது அவள் மனதை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. இந்த முறை கடையிலிருந்து எனாமல் பெயிண்ட் டப்பாக்களும் பிரஷ்களுமாக வந்து இறங்கினாள். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள்.

"இது எந்தத் தண்ணிக்கும் போகாது" என்றாள் பெருமையாக.

மேஸ்திரி அதற்குள் சாமான்களைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். எல்லோருக்கும் லோடுமேன் மேல் பிரியம், அதனால் எல்லோரும் கட்டில் சுவரிலேயே எழுதினார்கள். கொட்டைக் கொட்டை எழுத்து. போதகர் எழுதியது மட்டும் ஜன்னல் அகலத்துக்கு இருந்தது. மருந்தக்காவின் கையிலும் ஒரு பிரஷ்ஷைத் திணித்தார்கள். "எனக்கு ஆசியெல்லாம் வராது" என்று தட்டிப் பார்த்தாள், விடவில்லை. கொஞ்சம் யோசித்து, பச்சைப் பெயிண்டில் எழுதினாள்: 'ஒருக்களித்துப் படுக்கும்போது முட்டிகளுக்கு நடுவில் தலையணை.'

"இது ஆசியா அக்கா?" என்றார் வங்கிக்காரர்.

"வச்சுப் பாரு, தெரியும்."

மறுநாள் மேஸ்திரி வெளிச்சுவரில் சாரம் கட்டி ஏறியிருந்தார். உள்சுவரைப் பூசுவதைத் தொண்டர்களிடம் விட்டிருந்தார், முன்பும் செய்தவர்கள்தான். நனைத்தீர்களா என்று வெளியிலிருந்தே கேட்டார், நனைத்தோம் என்றார்கள். பெயிண்ட் விஷயத்தை அவரிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் உள்ளே வந்து மட்டப்பலகையால் இழுத்துவிட்டபோது சுவர் முழுக்கச் சாம்பல் நிறம்.

அடுத்த நாள் காலை மருந்தக்கா லோடுமேனுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்துப் புது வீட்டில் தொப்பென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், கட்டில் சுவரின் பூச்சு ஒரு பெரிய அப்பளம் மாதிரி கழன்று தரையில் நொறுங்கிக் கிடந்தது. சுவரில் ஆசிகள் ஓர் எழுத்துக்கூடச் சேதம் இல்லாமல் பளபளத்தன. மிச்சம் ஒட்டியிருந்த இடங்களை மேஸ்திரி கரணைக் காம்பால் தட்டினார், டம் டம் என்று காலிப் பானைச் சத்தம். இரண்டு தட்டில் அதுவும் விழுந்தது.

மேஸ்திரி சிவப்பு எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். எனாமல் வழவழப்பில் கலவை பிடிக்கவில்லை, விஷயம் விளங்கிவிட்டது.

"கடவுள் வார்த்தையை யாராலயும் மூட முடியாதுன்னு சொல்வீங்களே போதகரே, சரியாத்தான் இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. மருந்தக்காவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். கட்டில் இருந்திருந்தால் அந்தப் பூச்சு லோடுமேனின் தலையில் விழுந்திருக்கும் என்று நினைத்ததும் அதுவும் போய்விட்டது.

பெயிண்ட் கடையம்மா விசும்பத் தொடங்கினாள். "நான்தான்... நான்தான் எல்லாத்தையும் கெடுத்துட்டேன்."

"கெடுத்துட்டீங்க, சரி. அழறதா இருந்தா சிமெண்ட் மூட்டைக்கு அந்தப் பக்கம் போய் அழுங்க, ஏற்கெனவே ஈரம் ஜாஸ்தி" என்றாள் மருந்தக்கா. பிறகு மேஸ்திரி பக்கம் திரும்பினாள். "என்ன பண்ணணும்?"

"பெயிண்டைக் கொத்தி எடுக்கணும். எழுத்து இருக்கற எடமெல்லாம் உளி போட்டுச் சொரசொரன்னு ஆக்கிட்டுத் திரும்பப் பூசணும். இன்னிக்கே பூசியாகணும், நாளைக்கு உங்க பஸ்ஸு. எனக்கு வேற எடத்துல வேலை."

உளி என்றதும் தொண்டர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஜெபம் செய்து எழுதிய ஆசி. அதை எப்படிக் கொத்துவது? தின்னர் ஊற்றித் துடைக்கலாமா என்றார் வங்கிக்காரர். அந்த நாற்றம் போவதற்குள் மழை வந்துவிடும், அந்த நெஞ்சுக்கு அதுவும் ஆகாது என்றாள் மருந்தக்கா. அப்படியே விட்டுவிடலாம், பார்க்க அழகாகத்தானே இருக்கிறது என்றார் ஒரு டீச்சர். இது மழை அடிக்கிற மேற்குப் பக்கம், வெளிப்பூச்சு மட்டும் போதாது, உள்ளே பூச்சு இல்லாத செங்கல் ஈரத்தை உறிஞ்சி உள்ளே தள்ளும், குடிசைக்கும் இதற்கும் பெயரில்தான் வித்தியாசம் என்றார் மேஸ்திரி. வானத்தில் வேறு மேற்கே கருக்கல் கட்டியிருந்தது.

டீக்காரி கெட்டிலை வைத்துவிட்டு ஓடிவந்தாள். நிலைமையைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கை மருந்தக்கா கவனித்தாள். கோபம் இல்லை, பயம். நன்றாக இல்லை என்று சொன்னால் மொத்தமும் கைவிட்டுப் போய்விடுமோ என்கிற பயம்.

"பரவால்லைங்க ஐயா, இருக்கட்டும். நான் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைத் தொங்கவிட்டுக்கறேன். எங்களுக்கு இதுவே பெருசு" என்றாள் டீக்காரி.

"உனக்குப் பெருசு. அவன் நெஞ்சுக்குப் பெருசா?" என்றாள் மருந்தக்கா.

"அக்கா, சும்மா இரு."

அப்போது பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. லோடுமேன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறான்.

"யோவ் மேஸ்திரி! போதகரே! என் வீட்டு விஷயம்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா? இடுப்புதான் செத்துப் போச்சு, காது நல்லாத்தான் கேக்குது."

எல்லோரும் குடிசைக்குள் போனார்கள். உள்ளே ஆறேழு பேருக்கு மேல் இடமில்லை, மற்றவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். லோடுமேன் தலையணையைச் சரிசெய்யச் சொன்னான். மருந்தக்கா செய்தாள்.

"சுவத்துல என்னமோ எழுதினீங்களாமே, எனக்கா?"

"உங்களுக்குத்தான் தம்பி" என்றார் போதகர்.

"எனக்குன்னா எனக்கு ஏன் தெரியல? வந்த நாள்லேர்ந்து எல்லாரும் வாசல்ல நின்னு கும்பிடு போட்டுட்டுப் போறீங்க. உள்ள வந்து ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசல. எல்லாத்தையும் சுவத்துகிட்ட சொல்லிட்டீங்க. அது மேல சிமெண்டையும் பூசிட்டீங்க." மூச்சு வாங்கியது, நிறுத்தினான். "கொத்துங்க. ஆனா கொத்தறதுக்கு முன்னாடி ஆளாளுக்கு வந்து, என்ன எழுதினீங்கன்னு என்கிட்ட சொல்லிட்டுப் போய்க் கொத்துங்க. நான் எங்க போயிடப் போறேன்?"

மருந்தக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"சரி, நான் மொதல்ல. ஒருக்களிச்சுப் படுக்கும்போது முட்டிக்கு நடுவுல தலையணை."

"அடிப்பாவி! இதைத்தான் தெனமும் சொல்றியே!"

"தெனமும் கேக்கறியா நீ?"

அவள் போய் உளியை வாங்கி, தான் எழுதியதன் மேல் வைத்து ஓங்கி ஒரு அடி அடித்தாள். 'தலையணை' பொடிப் பொடியாகக் கொட்டியது. ஆசியைக் கொத்தியதற்காக அவளைச் சபிக்க வானத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. அதைப் பார்த்த பிறகு வரிசை உண்டாயிற்று.

வரிசை மெதுவாகத்தான் நகர்ந்தது. சுவரில் எழுதுவது சுலபம், ஒரு மனிதன் முகத்தைப் பார்த்துச் சொல்வது அப்படி இல்லை என்பது ஒவ்வொருவருக்கும் கட்டில் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. வங்கிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாம் நல்லபடியா நடக்கட்டும்" என்றார். "எது?" என்று லோடுமேன் கேட்க, அவர் திணறி, கடைசியில் தன் அப்பாவும் இப்படிப் படுக்கையில் கிடந்து போனவர்தான் என்று சொன்னார். அது சுவரில் இல்லாதது. ஒரு டீச்சர், பழக்க தோஷத்தில், கல்யாண வாழ்த்து அட்டையில் எழுதுவதையே எழுதிவைத்திருந்தார், மக்கட்செல்வம் பெருகட்டும் என்று. சொல்லும்போதுதான் அவருக்கே உறைத்தது.

"அதை நீங்க என் இடுப்புகிட்டதான் சொல்லணும் டீச்சரம்மா" என்றான் லோடுமேன்.

டீக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியாய்யா நீ?" டீச்சர் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுவரில் அந்த வரியைக் கொத்தும்போதும் சிரித்துக்கொண்டே கொத்தினார்.

பெயிண்ட் கடையம்மா கடைசிவரை தயங்கித் தயங்கி நின்று, பிறகு வந்தாள். "வலியில்லாத தூக்கம் கிடைக்கட்டும்னு எழுதினேன்" என்றாள். லோடுமேன் இந்த முறை கேலி எதுவும் சொல்லவில்லை. "கிடைச்சா நல்லாருக்கும்மா" என்றான். அவள் எழுதியது சுவரில் ஆகப் பெரிய சிவப்பு எழுத்து. அவளே கொத்தினாள், வேறு யாரிடமும் உளியைக் கொடுக்கவில்லை.

போதகர் தன்னுடைய ஜன்னல் அகல ஆசியைச் சொல்ல ஆரம்பித்தார். வெளியிலிருந்து மேஸ்திரி கத்தினார், "போதகரே, கலவை ரெடி, இறுகிடும்!" போதகர் ஆசியைப் பாதியில் நிறுத்தினார். லோடுமேனின் தோளில் கையை வைத்து, "உங்களுக்கு மழை ஒழுகாம இருக்கணும், அவ்வளவுதான்" என்றார். அவர் வாழ்க்கையிலேயே செய்த மிகச் சின்ன ஜெபம் அதுதான் என்று மருந்தக்கா பிறகு பல இடங்களில் சொன்னாள்.

மதியத்துக்கு முன்பே சுவர் அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிட்டது. கம்பிப் பிரஷ் போட்டுத் தூசியைத் தட்டி, நனைத்து, மேஸ்திரியே முன்னால் நின்று பூசினார். இருட்டுவதற்குள் முடிந்தது. மேஸ்திரி கரணையைக் கழுவிக்கொண்டே, "நானும் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வரேன்" என்று குடிசைக்குள் போனார். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. வெளியே வந்தவர், "நல்ல ஆளு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பஸ் கிளம்பும் முன் சாவி கொடுக்கிற படம் எடுக்க வேண்டும், லோடுமேனை உள்ளே தூக்கி வைக்கலாம் என்றார்கள். மருந்தக்கா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். பூச்சு ஈரம், காயாமல் ஆளை உள்ளே விட முடியாது, படம் வேண்டுமானால் தன்னை எடுத்துக்கொள்ளட்டும் என்றாள். கடைசியில் காலி வாசலில் டீக்காரி சாவியோடு நின்றாள். அவள் பக்கத்தில் மருந்தக்கா, முறைத்தபடி. அந்தப் படம் சபைக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

அதற்குப் பிறகு காலையும் மாலையும் அவளும் டீக்காரியுமாகச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்றி முடிந்ததும் ஜன்னலையும் கதவையும் திறந்து போட்டுக் காயவிட்டார்கள். மழை கொஞ்சம் தாமதித்தது. அது யார் செய்த ஜெபத்தால் என்று சபையில் பேச்சு நடந்தபோது மருந்தக்கா கலந்துகொள்ளவில்லை. சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று தெரிந்த அன்று, லாரி வரிசையிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டு, லோடுமேனைப் போர்வையோடு தூக்கி உள்ளே கொண்டுவந்து கட்டிலில் கிடத்தினாள்.

மழை ஒரு மதியம் வந்தது. வந்த வேகத்தில் லாரி வரிசையே கண்ணுக்குத் தெரியவில்லை. மருந்தக்கா குடையைப் பிடித்துக்கொண்டு, பாதி நனைந்து, லோடுமேனைப் புரட்டுகிற நேரத்துக்கு வந்து சேர்ந்தாள். குடையை வெளியே சாய்த்துவிட்டு முதலில் மேற்குச் சுவருக்குப் போனாள். அடியிலிருந்து தோள் உயரம் வரை உள்ளங்கையால் தடவினாள். கையைத் திருப்பிப் பார்த்தாள். கொஞ்சம் சிமெண்ட் தூள், அவ்வளவுதான்.

"என்ன தம்பி, மூச்சு எப்படி இருக்கு?" என்று வழக்கமான குரலில் ஆரம்பித்தாள்.

"உஷ்ஷ்" என்றான் லோடுமேன்.

அவன் கண் காட்டிய பக்கம் பார்த்தாள். தரையில், சுவரோரமாக, டீக்காரி பாயில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். பட்டப்பகல். வெளியே இத்தனை மழை. போன வருடம் இந்த மாதிரி மழைக்கு அவள் சட்டியும் குண்டானுமாக ஒழுகும் இடமெல்லாம் வைத்து, நிரம்பியதை வெளியே ஊற்றி, போர்வையைப் பிழிந்து, உட்காரக்கூட நேரமில்லாமல் திரிந்தவள். இப்போது வாய் லேசாகத் திறந்திருந்தது. மெலிதாகக் குறட்டை.

"மழை ஆரம்பிச்சதும் எந்திரிச்சா. மேலயும் கீழயும் பாத்தா, செய்ய ஒண்ணும் இல்ல. அப்படியே படுத்துட்டா" என்றான் லோடுமேன், காதோடு காதாக. "எழுப்பிடாதே."

மருந்தக்கா தலையாட்டினாள். ஒருவரே நின்று சத்தமில்லாமல் ஆளைப் புரட்டுவது கொஞ்சம் சிரமம்தான். ஆனால் வழி உண்டு. படுக்கை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, முழங்காலைக் கட்டில் சட்டத்தில் முட்டுக் கொடுத்து, அவனை மெதுவாகத் தன் பக்கம் இழுத்தாள்.